நல்லாத்தானே முளைச்சிருக்கு: தீயணைப்பு நுரையும் தானாக முளைக்கும் செடிகளும்

சென்ற கோடையில் ஒரு மாலை. மொன்றியல் பார்க் எக்ஸ்ரென்சனில், தண்டவாளத்தை ஒட்டிய கம்பி வேலியோரம், எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா குனிந்து கீரை பிடுங்கிக்கொண்டிருந்தார். தடித்த சிறு இலை, சிவந்த தண்டு, தரையோடு படர்ந்த செடி. ஊரில் தோட்ட வரம்பிலும் வீட்டுக் கோடியிலும் விதைக்காமலே முளைப்பது. சிலர் பருப்புக்கீரை என்பார்கள், சிலர் கோழிக்கீரை என்பார்கள். இங்கே அதைக் களை என்று பிடுங்கி எறிகிறார்கள். சற்றுத் தள்ளி நின்ற மகளுக்கு அந்தக் காட்சி பிடிக்கவில்லை.

"அம்மா, உது றெயில் பாதைக் கரை. என்னத்தை ஊத்தினாங்களோ, என்னத்தை அடிச்சாங்களோ, ஆருக்குத் தெரியும்? விட்டிட்டு வாங்கோ."

"நல்லாத்தானே முளைச்சிருக்குது பிள்ளை. மண் கூடாதெண்டால் இப்பிடிச் செழிச்சு நிக்குமே?"

மகளிடம் பதில் இல்லை. அந்த அம்மாவின் வாதம் தலைமுறை தலைமுறையாகத் தோட்டம் செய்தவர்களின் வாதம். உவர் ஏறிய தரையில் பயிர் கருகும். மருந்து கூடினால் இலை சுருளும். மண்ணின் நலத்தைச் செடியின் முகத்தில் பார்த்து வாழ்ந்தவர்கள் நாங்கள். ஆனால் கடந்த அறுபது ஆண்டுகளில் மனிதர் மண்ணில் ஊற்றிய சில பொருட்களை இந்தக் கண்ணால் பிடிக்க முடியாது. அவற்றில் முக்கியமானது தீயணைப்பு நுரை. அது விழுந்த நிலத்திலும் செடி பச்சையாகவே நிற்கும். கனடா இப்போது இந்த நுரைகளைச் சட்டத்துக்குள் கொண்டுவர முயலும் நேரத்தில், நுரைக்கும் காட்டுச் செடிக்கும் என்ன நடக்கிறது என்பதை எங்கள் குடும்பங்களும் அறிந்து வைத்திருப்பது நல்லது. இங்கு உண்பதற்காகவும், ஊரில் எங்களுக்குத் திரும்பக் கிடைக்கும் காணிகளுக்காகவும்.

இரண்டு தீ, இரண்டு நுரை

தீயணைப்பு நுரை என்றால் ஒரே பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். அடிப்படையில் இரண்டு வகை உண்டு.

முதலாவது காட்டுத் தீக்கு உரியது. மரமும் புல்லும் எரியும்போது வெறும் தண்ணீர் உருண்டு வழிந்துவிடும். அதில் சவர்க்காரத்தை ஒத்த ஒரு கரைசலை நூற்றுக்கு ஒரு பங்கோ அதிலும் குறைவாகவோ கலந்தால், தண்ணீர் இலையிலும் பட்டையிலும் ஒட்டி உள்ளே ஊறும். மொன்றியலின் கனடேயர் நிறுவனம் 1960களில் உருவாக்கிய மஞ்சள் நிறத் தண்ணீர் விமானங்களை நாம் அனைவரும் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறோம். அதன் பிந்திய வடிவமான சி.எல். 415, ஏரியின் மேற்பரப்பைத் தொட்டபடி பறந்து, 12 வினாடிகளில் 6,000 லீற்றருக்கு மேல் தண்ணீரை அள்ளும். அந்தத் தண்ணீருடன் நுரைக் கரைசலைக் கலக்கும் வசதியும் அதற்குள்ளேயே இருக்கிறது.

இரண்டாவது எண்ணெய்த் தீக்கு உரியது. பெற்றோலும் விமான எரிபொருளும் எரியும்போது தண்ணீர் கீழே போய்விடும், எண்ணெய் மேலே மிதந்து எரியும். 1960களில் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுகூடமும் 3எம் நிறுவனமும் சேர்ந்து இதற்கு ஒரு வழி கண்டன. புளோரின் கலந்த சேர்மங்களைக் கொண்ட நுரை, எரியும் எண்ணெயின் மேல் மெல்லிய நீர்ப்படலமாகப் பரவி, காற்றையும் ஆவியையும் பிரித்துவிடும். விமான நிலையங்கள், இராணுவத் தளங்கள், எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்கள், துறைமுகங்கள் என்று உலகெங்கும் அது போய்ச் சேர்ந்தது. அது பல உயிர்களைக் காப்பாற்றியது என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்தப் புளோரின் சேர்மங்கள்தாம் இன்று பீஃபாஸ் என்ற பெயரில் செய்திகளில் அடிபடுகின்றன. பல ஆயிரம் சேர்மங்களைக் கொண்ட பெரிய குடும்பம் அது. கரியமும் புளோரினும் இணையும் பிணைப்பு வேதியியலில் மிக உறுதியானவற்றில் ஒன்று. வெயில், மழை, மண்ணின் நுண்ணுயிர் எதுவும் அதை எளிதில் உடைப்பதில்லை. 'அழியா இரசாயனம்' என்ற பெயர் அதனால் வந்தது.

காட்டு நுரையும் சிவப்புத் தூளும்

2023ஆம் ஆண்டு கோடையை மொன்றியலில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். கனடா முழுவதும் சுமார் 1 கோடியே 50 இலட்சம் ஹெக்டேயர் காடு எரிந்தது. ஜூன் 25ஆம் நாள் உலகின் பெருநகரங்களில் மிக மோசமான காற்று எங்கள் நகரத்தில் வீசியது. கதவு யன்னல்களை மூடிக்கொண்டு, ஊரில் ஷெல்லடி நாட்களில் இருந்ததுபோல் உள்ளே இருந்தோம்.

அத்தகைய தீயில் அடிக்கப்படும் சவர்க்கார வகை நுரை செடிக்கு என்ன செய்கிறது? இலையின் மேல் இயற்கையாக உள்ள மெழுகுப் பூச்சைக் கரைக்கிறது. அந்தப் பூச்சுத்தான் இலை காய்ந்துபோகாமல் காக்கிறது. எனவே நுரை பட்ட இளம் இலைகள் வாடலாம், விளிம்பு கருகலாம். நீர்நிலையில் விழுந்தால் மீனுக்கும் தவளைக்கும் கேடு அதிகம். ஆனால் இந்த வகைக் கரைசல் பெரும்பாலும் நாட்களிலும் வாரங்களிலும் சிதைந்துவிடுவது. செடி அடுத்த தளிரை விடும்.

இதனுடன் சேர்த்து, விமானத்தில் இருந்து சிவப்பு மேகம்போல் கொட்டப்படும் தீத்தடுப்புக் கலவையையும் கவனிக்க வேண்டும். அது நுரை அல்ல. அதன் முக்கிய பொருள் அமோனியம் பொஸ்பேற்று, அதாவது நாங்கள் தோட்டத்துக்குப் போடும் உரத்தின் உறவு. அமெரிக்க அரசு விஞ்ஞானிகள் 1990களில் வட டகோட்டாப் புல்வெளியில் இதைத் தெளித்துப் பார்த்தார்கள். புல் செழித்தது. ஆனால் அந்த நிலத்தில் நின்ற செடி வகைகளின் எண்ணிக்கை குறைந்தது. உரத்தை விரைவாக உண்டு வளரும் சில புற்கள், மெதுவாக வளரும் மற்றவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு அது முன்னதைவிடப் பசுமையான நிலம். கிட்டப் போய் எண்ணிப் பார்த்தவருக்கே இழப்புத் தெரிந்தது.

'செழித்து நிற்கிறது' என்ற சாட்சியம் முதலில் தடுமாறுவது இங்கேதான். எண்ணெய்த் தீ நுரையில் அது முழுதாகவே கைவிடுகிறது.

லாக் மெகான்ரிக்கில் கொட்டியது

2013 ஜூலை 6ஆம் நாள் அதிகாலை. 72 தாங்கிகளில் மசகு எண்ணெய் ஏற்றிய புகையிரதம் ஒன்று, ஓட்டுநர் இன்றித் தானாக உருண்டு, கியூபெக்கின் லாக் மெகான்ரிக் நகரின் நடுவே தடம் புரண்டு வெடித்தது. 47 பேர் உயிரிழந்தார்கள். வட டகோட்டாவில் இருந்து புறப்பட்ட அந்த எண்ணெய், மொன்றியலின் கோட் சென் லூக் தரிப்பிடத்தில் கைமாறித்தான் அந்த ஊரை நோக்கிப் போனது. கிட்டத்தட்ட 60 இலட்சம் லீற்றர் எண்ணெய் சிந்தியது. ஒரு பகுதி எரிந்தது, ஒரு பகுதி மண்ணிலும் ஏரியிலும் சோடியேர் ஆற்றிலும் கலந்தது.

அந்தத் தீயை அணைக்க, சுமார் 33,000 லீற்றர் நுரைச் செறிவு லெவி நகரில் உள்ள சுத்திகரிப்பு நிலையத்தில் இருந்து கொண்டுவரப்பட்டது. அந்தக் காலையில் அதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. நுரையை அடித்த தீயணைப்பு வீரர்களைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

ஆனால் நுரை தீயோடு போய்விடவில்லை. மொன்றியல் பல்கலைக்கழகத்தின் செபஸ்ரியன் சோவே, மக்கில் பல்கலைக்கழகத்தின் ஜின்சியா லியூ ஆகியோரை உள்ளடக்கிய குழு, விபத்தின் பின்னர் அந்த ஏரியிலும் ஆற்றிலும் மீன்களையும் அடிச்சேற்றையும் எடுத்துச் சோதித்தது. 2017இல் வெளியான அந்த ஆய்வு, தீயணைப்பு நுரைகளில் பயன்படும் புளோரின் சேர்மங்கள் மீனின் உடலுக்குள் சென்றிருந்ததைக் காட்டியது. அதுவரை வழக்கமான சோதனைகளில் எவரும் தேடாத சேர்மங்களும் அவற்றில் இருந்தன. தேடாத ஒன்று எந்த அறிக்கையிலும் வராது. 'சோதித்தோம், ஒன்றும் இல்லை' என்று எவரும் சொல்லும்போது, 'எதைத் தேடிச் சோதித்தீர்கள்?' என்று கேட்க வேண்டும் என்பதற்கு இது நல்ல பாடம்.

செடிக்குள் போகும் வழி

இனி அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். நுரை ஊறிய மண்ணில் செடி ஏன் கருகுவதில்லை?

செடி வேரால் தண்ணீரை உறிஞ்சி இலையால் ஆவியாக வெளியே விடுகிறது. தண்ணீரில் கரைந்த பீஃபாஸும் அந்த ஓட்டத்தோடு மேலே ஏறும். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், பீஃபாஸ் இலையில் தங்கிவிடும். கேத்தலின் அடியில் சுண்ணாம்பு படிவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே கதைதான். இதில் ஒரு வேறுபாடு உண்டு. நீண்ட கரியச் சங்கிலி கொண்ட பழைய வகைகள் பெரும்பாலும் வேரோடும் மண்ணோடும் ஒட்டி நின்றுவிடும். குறுகிய சங்கிலி கொண்டவை எளிதாக இலைக்கும் பழத்துக்கும் போகும். பழைய வகைகளைத் தடைசெய்தபோது, 'பாதுகாப்பானது' என்று சொல்லி நுரைத் தொழிற்சாலைகள் மாறியது இந்தக் குறுகிய வகைகளுக்குத்தான். கீரை உண்பவர்களின் கண்ணோட்டத்தில் பார்த்தால் அது அவ்வளவு நல்ல மாற்றம் அல்ல.

மிக அதிக அளவில் கொடுத்துப் பார்த்த ஆய்வுகூடச் சோதனைகளில் செடிகள் பாதிக்கப்பட்டன. வேர் குட்டையானது, இலையின் பச்சையம் குறைந்தது. ஆனால் நுரை விழுந்த வெளி நிலங்களில் உள்ள அளவுகளில், பெரும்பாலான செடிகள் எந்த அடையாளமும் காட்டாமல் வளர்கின்றன.

இதற்கு நல்ல சான்று சுவீடனில் இருக்கிறது. ஸ்ரொக்ஹோமின் ஆர்லாண்டா விமான நிலையத்தில் தீயணைப்புப் பயிற்சி நடந்த இடத்தைச் சுற்றி வளர்ந்த செடிகளை அந்நாட்டு விவசாயப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். பேர்ச் மரம், ஸ்புரூஸ் மரம், தரையில் படரும் பூண்டுகள், பன்னம், காட்டு ஸ்ரோபெரி என்று அவர்கள் எடுத்துக்கொண்டவற்றில் பலவற்றின் நெருங்கிய உறவுகள் கியூபெக் காடுகளிலும் நிற்கின்றன. மரங்கள் நன்றாகவே நின்றன. ஆனால் அவற்றின் உடலில் பீஃபாஸ் இருந்தது, அதிலும் கூடுதலாக இலைகளில் இருந்தது. இலையுதிர் காலத்தில் அந்த இலை கீழே விழும். மக்கி மண்ணாகும். அதில் இருந்ததை மறுபடியும் வேர் உறிஞ்சும்.

ஆக, அந்த அம்மாவுக்கான பதில் இதுதான்: இந்த நஞ்சு செடியைக் கொல்வதில்லை, அதனால்தான் அது உணவுச் சங்கிலிக்குள் எளிதாக ஏறுகிறது. கருகிய கீரையை எவரும் பிடுங்கிச் சமைக்க மாட்டார்கள். மானும் தின்னாது. பச்சையாக நிற்பதைத்தான் தின்னும்.

மான் என்றது ஒரு பேச்சுக்காக அல்ல. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஒஸ்கோடா என்ற ஊரில், மூடப்பட்ட வேர்ட்ஸ்மித் விமானப்படைத் தளத்தை ஒட்டிய சதுப்பு நிலத்துக்கு நுரையின் பீஃபாஸ் வழிந்தது. அந்தச் சதுப்பைச் சுற்றி ஐந்து மைல் தூரத்துக்குள் வேட்டையாடப்படும் மானை உண்ண வேண்டாம் என்று 2018 ஒக்ரோபரில் அந்த மாநிலம் அறிவித்தது. அங்கு குடித்த தண்ணீரும் மேய்ந்த பச்சையும்தான் மானின் உடம்பு.

எங்கள் குழாயிலும்

மனித உடலில் பீஃபாஸின் சில வகைகள் பாதியாகக் குறையவே பல ஆண்டுகள் எடுக்கும். கொழுப்பு அளவு கூடுதல், தடுப்பூசிக்கு உடல் தரும் எதிர்ப்புச் சக்தி குறைதல், பிறக்கும் குழந்தையின் நிறை குறைதல், சிறுநீரகப் புற்றுநோய் ஆகியவற்றோடு அதற்குள்ள தொடர்பை ஆய்வுகள் சுட்டுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2023 டிசம்பரில் பீஃபாஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்றை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்றும், பழைய நுரைகளில் முக்கியமாக இருந்த மற்றொன்றைத் தரக்கூடியது என்றும் வகைப்படுத்தியது.

சோவேயின் குழு கியூபெக்கின் 376 நகராட்சிகளின் குழாய்த் தண்ணீரைச் சோதித்து 2023இல் முடிவை வெளியிட்டபோது, கிட்டத்தட்ட எல்லா மாதிரிகளிலும் பீஃபாஸின் தடயம் இருந்தது. பெரும்பாலான இடங்களில் அளவு மிகச் சிறியது. சில இடங்களில் அப்படியில்லை. சகெனே நகரின் லா பே பகுதியில், பாகோவில் இராணுவ விமானத் தளத்தில் பயன்படுத்தப்பட்ட நுரையே தண்ணீரைக் கெடுத்த மூலம் என்று அடையாளம் காணப்பட்டு, வடிகட்டும் நிலையம் அமைக்க வேண்டி வந்தது.

பார்க் எக்ஸ்ரென்சனில் வாழும் எங்கள் சனத்துக்கு இதில் இன்னொரு செய்தி உண்டு. ஊத்ரமோன் பக்கம் கிடந்த பழைய புகையிரதத் தரிப்பிடத்தைத் துப்புரவாக்கி, மொன்றியல் பல்கலைக்கழகம் 2019இல் தன் விஞ்ஞான வளாகத்தைத் திறந்தது. தண்டவாளத்துக்கு மேலாக ஒரு நடைபாலம் அதை எங்கள் குடியிருப்போடு இணைக்கிறது. உலகம் திரும்பிப் பார்க்கும் பீஃபாஸ் ஆய்வு நடக்கும் வேதியியல் துறை அந்த வளாகத்தில்தான் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் நாளாந்தம் அந்தப் பாலத்தைக் கடந்து போகிறார்கள். மருத்துவம், பொறியியல் என்று மட்டுமே பேசும் வீடுகளில், மண்ணையும் தண்ணீரையும் அளக்கும் இந்தப் படிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசலாம்.

சட்டம் மெதுவாகத்தான் நகர்கிறது. 3எம் நிறுவனம் பழைய வகைச் சேர்மத்தைக் கைவிடுவதாக அறிவித்தது 2000இல். கனடா அதைத் தடைசெய்தது 2008இல். அப்போதும் கையிருப்பில் இருந்த நுரைக்கு மேலும் 5 ஆண்டுகள் அவகாசம் கொடுக்கப்பட்டது. குடிநீருக்கு, 25 வகைப் பீஃபாஸ் சேர்ந்து லீற்றருக்கு 30 நானோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்ற இலக்கைக் கனடிய சுகாதார அமைச்சு 2024 ஓகஸ்டில்தான் அறிவித்தது. 2025 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட அறிக்கை, சில பொலிமர்களைத் தவிர்த்து, முழுக் குடும்பத்தையும் ஒரே வகுப்பாகக் கருதி நச்சுப் பட்டியலில் சேர்க்க முன்வந்தது. கட்டுப்பாட்டின் முதற் கட்டம் தீயணைப்பு நுரை. இது வரவேற்க வேண்டிய செய்தி. ஆனால் இந்தத் திட்டம் இனிமேல் ஊற்றப்படுவதைப் பற்றியது. ஏற்கனவே ஊற்றியது மண்ணில் அப்படியே கிடக்கிறது.

செடியே மண்ணைக் கழுவுமா?

உறிஞ்சும் செடியைக் கொண்டே மண்ணைச் சுத்தமாக்கலாமே என்ற கேள்வி எழும். மொன்றியலின் கிழக்கு முனையில் எண்ணெய்யும் உலோகமும் படிந்த நிலங்களில், விஞ்ஞானிகளும் மாநகரசபையும் சேர்ந்து வில்லோ மரங்களை நட்டு அந்த வழியைச் சோதித்து வருகிறார்கள். பீஃபாஸில் அது கடினம். எண்ணெயை நுண்ணுயிர்கள் உடைத்துத் தின்னும், பீஃபாஸை அப்படித் தின்ன முடியாது. செடி உறிஞ்சியதை அறுத்தெடுத்து, மிக உயர்ந்த வெப்பத்தில் எரிக்க வேண்டும். அதே ஆர்லாண்டா ஆய்வாளர்கள் கணக்கிட்டதன்படி, பேர்ச், ஸ்புரூஸ், தரைப்பூண்டு மூன்றையும் கலந்து நட்டாலும் ஒரு ஹெக்டேயரில் ஆண்டுக்கு ஒன்றரைக் கிராம் அளவுக்குக் கூட எடுக்க முடியாது.

இருந்தும் ஒரு சமூகம் அந்தப் பொறுமையான வேலையில் இறங்கியது. கியூபெக்குக்கு எல்லைக்கு அப்பால், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் லோரிங் விமானப்படைத் தளம் இருந்தது. 1994இல் அது மூடப்பட்டது. அந்த நிலத்தின் ஒரு பகுதி 2009இல் அதன் பழங்குடி மக்களான மிக்மா சமூகத்தின் கைக்கு வந்தது. கைக்கு வந்த நிலத்தில், படையினர் தீயணைப்புப் பயிற்சி செய்த இடத்தில், நுரை ஊறிக் கிடந்தது. அவர்கள் அதைக் கைவிடவில்லை. ஊர் ஆட்களும் கனெக்ரிகட் மாநில விவசாய ஆய்வு நிலையத்தின் விஞ்ஞானிகளும் சேர்ந்து சணல்வகைச் செடியை விதைத்து, அது எவ்வளவை உறிஞ்சுகிறது என்று அளக்கத் தொடங்கினார்கள். செடி உறிஞ்சியது, ஆனால் சிறு பங்கையே. அவர்களுடைய பெரிய சாதனை வேறு. தங்கள் நிலத்தில் என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கைத் தாங்களே வைத்திருக்கப் பழகினார்கள்.

எங்கள் காணிகள்

இந்தக் கதையை வாசிக்கும் எவருக்கும் பலாலி நினைவுக்கு வராமல் இருக்காது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் கையில் கிடைத்ததோடு வெளியேறினார்கள். உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயரில் அவர்களுடைய வீடும் தோட்டமும் வேலிக்குள் போயின. 2013இல் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டது. மக்கள் வீதியில் இறங்கினார்கள், நீதிமன்றம் போனார்கள். பின்னர் துண்டு துண்டாகக் காணிகள் விடுவிக்கப்பட்டன. 2019 ஒக்ரோபர் 17ஆம் நாள் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது.

சர்வதேச விமான நிலையம் ஒன்றில் தீயணைப்பு நுரை கட்டாயம் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விமானப் போக்குவரத்து விதி. அது இருப்பது தவறல்ல. பயணிகளின் உயிருக்கு அது தேவை. எங்கள் கேள்வி வேறு. எந்த வகை நுரை? பயிற்சி எங்கே நடக்கிறது? அடித்த நுரை வழிந்து எங்கே போகிறது? புளோரின் இல்லாத நுரைகள் இப்போது சந்தையில் உண்டு, பல நாடுகளின் விமான நிலையங்கள் அவற்றுக்கு மாறியும் விட்டன. பழைய வகை நுரைச் சேர்மத்தை 2009இல் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்த ஸ்ரொக்ஹோம் உடன்படிக்கையில் இலங்கையும் ஒரு தரப்பு. எனவே இது எவரிடமும் இரந்து கேட்கும் கேள்வி அல்ல.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வியின் பாரம் கூட. குடாநாட்டில் ஆறு இல்லை. சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் மழைநீர் இறங்கித் தேங்குவதையே கிணற்றில் அள்ளிக் குடிக்கிறோம், அதையே தோட்டத்துக்கு இறைக்கிறோம். தரையில் ஊற்றியது கிணற்றுக்குப் போக அதிக நாள் எடுக்காது. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த கதை எல்லோருக்கும் தெரியும். சூழலியலாளர் ஒருவர் தொடுத்த வழக்கில், மின்நிலைய நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு வழங்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு சாத்தியமானதற்கு ஒரு காரணம், மக்கள் வாளியைத் தூக்கியதும் எண்ணெய் மணத்தது. பீஃபாஸுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை, சுவை இல்லை. வாளியும் சொல்லாது, வாழையும் சொல்லாது. அளந்தால்தான் தெரியும்.

புலம்பெயர்ந்த நாங்கள் ஊருக்குக் காசு அனுப்புகிறோம். விடுவிக்கப்பட்ட காணியைத் துப்புரவாக்க, கிணறு இறைக்க, வேலி அடைக்க, கன்று நட. அந்தச் செலவோடு ஒரு வரியைச் சேர்க்கலாம்: மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் சோதித்து, அந்த முடிவை ஊர்ப் பொதுவில் பதிந்து வைப்பது. ஒரு வீட்டால் தாங்க முடியாத செலவை ஓர் ஊர்ச்சங்கம் தாங்கலாம். இங்கே ஒவ்வோர் ஊருக்கும் ஒரு சங்கம் இருக்கிறது. ஆண்டுக்கொருமுறை மண்டபம் எடுத்து ஒன்றுகூடுகிறோம். அந்தச் செலவில் ஒரு சிறு பங்கு போதும், பத்துக் கிணறுகளின் கணக்கைத் தொடங்கி வைக்க. அந்தக் கணக்கு இல்லாமல் நாளைக்கு எந்த நீதிமன்றத்திலும் பேச முடியாது. லாக் மெகான்ரிக்கிலும் லா பேயிலும் நடந்தது தெரியவந்ததற்குக் காரணம், எவரோ மாதிரி எடுத்து அளந்து எழுதி வைத்தார்கள் என்பதே.

இங்கே என்ன செய்யலாம்

மொன்றியலில் தானாக முளைக்கும் கீரை எல்லாமே நஞ்சு என்று இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு எவரும் பயப்பட வேண்டாம். இடம்தான் முக்கியம். விமான நிலையம், இராணுவத் தளம், தீயணைப்புப் பயிற்சித் திடல், எண்ணெய்த் தாங்கிகள், பழைய தொழிற்சாலை ஆகியவற்றை ஒட்டிய நிலத்திலும், அவற்றில் இருந்து வடியும் ஓடையோரத்திலும் கீரையோ காளானோ காட்டுப் பழமோ பறிக்க வேண்டாம். தண்டவாளக் கரையில் களைநாசினியும் எண்ணெய்யும் உலோகத் தூசும் படிவதால், நுரையைப் பற்றி யோசிக்காமலே அதைத் தவிர்க்கலாம். கழுவினால் தூசு போகும், இலைக்குள் ஏறியது போகாது. அவித்தாலும் பீஃபாஸ் அழியாது. குடிதண்ணீர் பற்றிக் கவலை இருந்தால், செயற்படுத்திய கரி வடிகட்டியும் எதிர்ச் சவ்வூடுபரவல் முறையும் அதைக் குறைக்கும். தண்ணீரைக் கொதிக்க வைப்பது இதற்கு உதவாது.

கீரை வேண்டும் என்றால், வாங்கிய மண் நிரப்பிய பெட்டியிலோ மாநகரசபையின் சமூகத் தோட்டத்திலோ வளர்க்கலாம். சமூகத் தோட்டம் என்றாலும், அதன் மண் எப்போது, எதற்காகச் சோதிக்கப்பட்டது என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

அந்த அம்மா அன்று பிடுங்கிய கீரையை என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். வேலியோரம் நின்ற ஒரு செடியில் கறுத்த சிறு விதைகள் முற்றியிருந்தன. இது பல்கனித் தொட்டியில் ஒரு மாதத்துக்குள் படர்ந்துவிடும் கீரை. மகளோடு வாதாடி முடிந்தபின், அவர் அந்த விதைகளைக் கைலேஞ்சியில் உதிர்த்து முடிந்துகொண்டார். கீரையை விட்டாலும், அந்த விதையை அவர் நல்ல மண்ணில் போட்டிருப்பார் என்று நம்புகிறேன்.